ஃபாரெக்ஸ் ஆப் மோசடி: முன்கூட்டியே கண்டுபிடிப்பது எப்படி, பணம் போய்விட்டால் என்ன செய்வது? தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்தாருக்கு முழுமையான வழிகாட்டி

ஃபாரெக்ஸ் (வெளிநாட்டுக் கரன்சிகளை வாங்கி விற்கும் வர்த்தகம்) பற்றிப் பேச்சு வந்தாலே நம் பக்கத்தில் முதலில் வரும் கேள்வி, "எந்த புரோக்கர் நல்ல புரோக்கர்?" என்பதுதான். கேள்வியிலேயே கோளாறு இருக்கிறது. இந்தியாவில் குடியிருக்கும் ஒருவர் வெளிநாட்டு ஆப்பில் பணம் கட்டி யூரோ–டாலர், பவுண்டு–டாலர், தங்கம்–டாலர் என்று மார்ஜின் டிரேடு (சிறு முன்பணத்தை வைத்துப் பல மடங்கு தொகைக்குச் செய்யும் வியாபாரம்) செய்வதற்குச் சட்டத்தில் வழியே இல்லை. எனவே அந்த வரிசையில் நல்ல புரோக்கர் என்று யாரும் கிடையாது. இதை மனதில் வைத்துக்கொண்டால் முக்கால்வாசி மோசடி வாசலிலேயே நின்றுவிடும்.

சட்டம் எங்கே நிற்கிறது

1999-ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம், சுருக்கமாக ஃபெமா, இதற்கான அடிப்படைச் சட்டம். அந்நியச் செலாவணிப் பரிவர்த்தனையை அங்கீகாரம் பெற்றவர்களிடம் மட்டுமே, அனுமதித்த காரணங்களுக்கு மட்டுமே செய்யலாம். மின்னணு முறையில் செய்வதென்றால் ரிசர்வ் வங்கி அனுமதித்த தளங்கள், அல்லது என்எஸ்இ, பிஎஸ்இ, எம்எஸ்இ ஆகிய பங்குச் சந்தை எக்ஸ்சேஞ்சுகளில்தான் செய்ய வேண்டும்.

"என்எஸ்இ-யில்தான் கரன்சி டிரேடு உண்டே, அதையாவது செய்யலாமா?" என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். டாலர்–ரூபாய் போன்ற ஜோடிகள் அங்கே இருப்பது உண்மை. ஆனால் 2024 மே 3 முதல் நடைமுறையில் இருக்கும் ரிசர்வ் வங்கி விதிப்படி, ரூபாய் சம்பந்தப்பட்ட ஒப்பந்தம் எடுப்பவருக்கு உண்மையான அந்நியச் செலாவணி வரவோ செலவோ இருக்க வேண்டும். 10 கோடி டாலர் வரை ஆவணம் காட்டத் தேவையில்லை என்பது சலுகை மட்டுமே. வரவு செலவு இல்லாமலே எடுக்கலாம் என்று அதற்கு அர்த்தம் இல்லை. கிருஷ்ணகிரியிலிருந்து மாங்கூழ் ஏற்றுமதி செய்பவர், கிரானைட் அனுப்புபவர், ஓசூரிலிருந்து ரோஜா அனுப்புபவர் டாலர் விலை இறங்கினால் அடிபடாமல் இருக்க இந்த ஒப்பந்தம் எடுக்கிறார்கள். இது அவர்களுக்கான ஏற்பாடு. லாப ஆசைக்கு டிரேடு செய்வதற்கு இங்கே இடமில்லை.

இன்னொரு வாதமும் அடிக்கடி காதில் விழும்: "வருஷத்துக்கு 2.5 லட்சம் டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்ப ரிசர்வ் வங்கியே அனுமதிக்கிறதே." படிப்பு, மருத்துவம், பயணம், வெளிநாட்டுப் பங்கு முதலீடு போன்றவற்றுக்கு அனுமதி உண்டு. வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சுக்கோ புரோக்கருக்கோ மார்ஜின் பணம் கட்ட அந்தத் திட்டத்தில் வெளிப்படையான தடை இருக்கிறது. மீறினால் ஃபெமா 13-ஆம் பிரிவின் கீழ், சம்பந்தப்பட்ட தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம் போடலாம்.

ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் 34 பெயர்களோடு ஓர் எச்சரிக்கைப் பட்டியலை வெளியிட்டது. 2024 அக்டோபரில் அது 88 ஆகியிருந்தது. ஆக்டாஎஃப்எக்ஸ், எக்ஸ்னெஸ், எக்ஸ்எம், ஒலிம்ப் டிரேட், ஐக்யூ ஆப்ஷன், பினோமோ என்று யூடியூபில் காது புளிக்கக் கேட்ட பெயர்கள் முதல் பட்டியலிலேயே இருக்கின்றன. பட்டியலில் பெயர் இருந்தால் இந்தியாவில் அனுமதி இல்லை என்பது உறுதி. பெயர் இல்லையென்றால் அனுமதி இருக்கிறது என்று அர்த்தம் அல்ல. இதை ரிசர்வ் வங்கியே எழுதி வைத்திருக்கிறது. ஏஜெண்டுகள் மறைப்பது இந்த இரண்டாவது வரியைத்தான்.

இரண்டு வகை ஆபத்து

ஒரு வகை, வெளிநாட்டில் நிஜமாகவே நடக்கும் நிறுவனம். அங்கே ஏதோ ஒரு உரிமம் இருக்கலாம், இந்தியாவில் கிடையாது. பணம் சிக்கினால் இங்கே எந்த அலுவலகத்திலும் போய்க் கேட்க முடியாது.

இரண்டாவது வகையில் சந்தையே இல்லை. ஆப்பில் ஓடும் எண்கள் மோசடிக்காரர் தட்டுபவை. நீங்கள் போட்ட பணம் எந்தச் சந்தைக்கும் போகாமல் யாரோ ஒருவருடைய வங்கிக் கணக்கில் விழுந்து, சில நிமிடங்களில் பத்துக் கணக்குகளுக்குப் பிரிந்து போய்விடும். குடும்பங்கள் மொத்தமாகச் சரிவது பெரும்பாலும் இதில்தான். கீழே எழுதுவதில் பெரும்பகுதி இந்த வகை பற்றியது.

வலை விரியும் விதம்

தோப்புக் குத்தகைப் பணம் வந்தது, நிலம் விற்ற அட்வான்ஸ் கையில் இருக்கிறது, சிப்காட் கம்பெனியில் விருப்ப ஓய்வுத் தொகை போட்டார்கள், சீட்டு எடுத்தாயிற்று. மொத்தமாகப் பணம் புரளும் இப்படிப்பட்ட நேரத்தில்தான் மனம் இளகும். அழைப்பு மூன்று வழிகளில் வருகிறது.

முதல் வழி, தெரியாத எண்ணிலிருந்து ஒரு வாட்ஸ்அப் அல்லது டெலிகிராம் குரூப்பில் சேர்த்துவிடுவது. குரூப்பில் 150 பேர் இருப்பார்கள், தினமும் லாப ஸ்கிரீன்ஷாட் போடுவார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஒரே கும்பலின் எண்கள். இரண்டாவது, முகநூலிலோ திருமணத் தளத்திலோ பழக்கமாகி வாரக்கணக்கில் பணப்பேச்சே எடுக்காமல் இருந்துவிட்டு, "எங்க மாமா டிரேடிங் பண்றார்" என்று ஒரு நாள் தொடங்குவது.

மூன்றாவது வழிதான் நம் பக்கத்தில் அதிகம் கவனிக்க வேண்டியது. ஊர்க்காரர், அல்லது ஓசூரிலோ பெங்களூரிலோ வேலை பார்க்கும் சொந்தக்காரப் பையன் வழியாக வருவது. மண்டபத்தில் கூட்டம் நடத்தி, சாப்பாடு போட்டு, தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் மாறி மாறிப் பேசுவார்கள். கீழே ஆள் சேர்த்தால் லெவல் கமிஷன். அந்தப் பையனும் பணம் போட்டவனாகத்தான் இருப்பான், நம்பித்தான் சொல்வான். அதனாலேயே அவன் பேச்சு எடுபடுகிறது. 2012-ல் பெருந்துறையைச் சுற்றி ஈமு கோழித் திட்டங்கள் சரிந்தபோதும் பணம் இப்படித்தான், தெரிந்தவர் கையைப் பிடித்துத்தான் போயிருந்தது.

சொல்லும் லாபத்தை ஒரு முறை கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதம் 20 சதவீதம் என்றால் 1 லட்சம் ஒரு வருடத்தில் ஏறக்குறைய 8.9 லட்சம். அதே வேகத்தில் ஐந்து வருடம் ஓடினால் 563 கோடி. இந்த வித்தை கைவசம் உள்ளவருக்கு உங்கள் 50 ஆயிரம் எதற்கு?

லெவரேஜ் என்ற சொல்லையும் புரிந்துகொள்ள வேண்டும். 1-க்கு 500 என்றால் 200 டாலரை வைத்து 1 லட்சம் டாலர் மதிப்புள்ள டிரேடு எடுக்கலாம். யூரோ–டாலரில் அந்த அளவுக்கு ஒரு பிப் (விலையில் 0.0001 அளவு) அசைந்தால் 10 டாலர். 20 பிப் எதிர்த்திசையில் போனால் 200 டாலரும் காலி. அந்த ஜோடி ஒரே நாளில் 50 பிப்புக்கு மேல் அசைவது சாதாரணம். ஐரோப்பிய ஒன்றியத்தின் பங்குச் சந்தை ஆணையம் 2018-ல் சாதாரண முதலீட்டாளருக்கு முக்கிய கரன்சி ஜோடிகளில் 30 மடங்குக்கு மேல் கூடாது என்று கட்டியதற்குக் காரணம் இதுதான். 500 மடங்கு தருகிறோம் என்று பெருமையாக விளம்பரம் செய்யும் இடத்தில், உங்கள் பணம் சீக்கிரம் கரைவதில்தான் அவர்களுக்கு லாபம்.

பணம் போடும் முன் அரை மணி நேரச் சோதனை

1. பணம் யார் பெயருக்குப் போகிறது? மற்ற எந்தச் சோதனையை விட்டாலும் இதை விடாதீர்கள். யுபிஐ-யில் தொகையைத் தட்டியதும் பெறுபவர் பெயர் திரையில் வரும். ஆப்பின் பெயர் ஏதோ "குளோபல் மார்க்கெட்ஸ்" என்றிருக்க, திரையில் வருவது ஒரு தனி ஆளின் பெயராகவோ, ஏதோ "டிரேடர்ஸ்", "எண்டர்பிரைசஸ்", "அக்ரோ" என்றோ இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஒவ்வொரு முறை கட்டும்போதும் புதுக் கணக்கு எண் தருவது, "இந்தக் கணக்கு 20 நிமிஷத்துக்குத்தான் செல்லும்" என்பது, குறிப்பில் டிரேடிங் என்று எழுதாதே, "பர்சனல்" என்று எழுது என்பது எல்லாம் வாடகைக்கு எடுத்த கணக்குகளின் அடையாளம். அந்தக் கணக்கு எந்த நேரமும் முடக்கப்படும் என்று அவர்களுக்குத் தெரியும். அவசரம் அதனால்தான்.

2. செபி (இந்தியப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியம்) பதிவு. இந்தியப் பங்கு புரோக்கரின் பதிவு எண் ஆங்கிலத்தில் ஐ, என், இசட் என்ற மூன்று எழுத்தில் தொடங்கும். எண்ணை அவர்கள் அனுப்பிய படத்தில் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். செபி இணையதளத்தில் நீங்களே தட்டி, அங்கே இருக்கும் முகவரி, மின்னஞ்சல், இணையதளம் மூன்றும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். நிஜ நிறுவனத்தின் எண்ணைத் திருடிப் போட்டுக்கொள்வது மிகச் சாதாரணமாக நடக்கிறது. 2025 அக்டோபர் முதல் செபி பதிவு பெற்றவர்களுக்குத் தனி யுபிஐ முகவரி வந்திருக்கிறது. புரோக்கர் என்றால் பெயருக்குப் பின் பிஆர்கே என்ற எழுத்துகளும், அட் குறிக்குப் பின் "வேலிட்" என்ற சொல்லும் வங்கியின் பெயரும் இருக்கும். "செபி செக்" என்ற வசதியில் யுபிஐ முகவரியையோ கணக்கு எண்ணையோ போட்டு யாருடையது என்று சரிபார்க்கலாம்.

3. வெளிநாட்டு உரிமம். செயின்ட் வின்சென்ட் என்ற கரீபியன் தீவு நாட்டில் பதிவு என்று சொன்னால், அந்த நாட்டின் நிதி ஆணையமே ஃபாரெக்ஸ் புரோக்கருக்கு உரிமம் தருவதில்லை என்று அறிவித்திருப்பதை நினைவில் வையுங்கள். வெறும் கம்பெனிப் பதிவுச் சான்றிதழைத்தான் உரிமம் என்று காட்டுகிறார்கள். பிரிட்டன் உரிமம் என்றால் அந்நாட்டு நிதி நடத்தை ஆணையத்தின் பதிவேட்டில் தேடி, அதில் உள்ள இணைய முகவரியும் உங்களுக்கு வந்த லிங்கும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா என்று பாருங்கள். நிஜமாகவே இருந்தாலும் அந்த உரிமம் இந்தியாவில் செல்லாது.

4. ஆப் எங்கிருந்து வருகிறது? பிளே ஸ்டோரில் இல்லை, ஏபிகே ஃபைல் (ஸ்டோருக்கு வெளியே நேரடியாக இறக்கும் ஆப் கோப்பு) அனுப்புகிறேன் என்றால் வேண்டாம். ஐபோனில் சோதனை ஆப் வழியாக இறக்கச் சொன்னாலும் அப்படியே. மெட்டாடிரேடர் 5 என்பது நிஜமான, உலகம் முழுக்கப் பயன்படும் டிரேடிங் மென்பொருள். ஆனால் அதற்குள் எந்த சர்வரோடு இணைகிறோம் என்பதை புரோக்கர்தான் முடிவு செய்கிறார். மென்பொருள் நிஜம் என்பதால் டிரேடும் நிஜம் ஆகிவிடாது.

5. இணையதளத்தின் வயது. "ஹூ இஸ்" என்ற தேடல் வசதியில் முகவரியைப் போட்டால் பதிவு செய்த தேதி வரும். 15 வருட அனுபவம் என்பவரின் தளம் நான்கு மாதத்துக்கு முன் பதிவாகியிருந்தால் வேறு விளக்கம் தேவையில்லை.

கொஞ்சமாகப் போட்டு எடுத்துப் பார்க்கலாம் என்ற யோசனை ஒன்று உண்டு. யூடியூபில் இதைச் சோதனை முறையாகவே சொல்லிக் கொடுக்கிறார்கள். இதை நம்பவே கூடாது. 10 ஆயிரம் போட்டால் 12 ஆயிரம் தருவது அவர்களுக்கு விளம்பரச் செலவு. அடுத்து வரப்போகும் 5 லட்சத்துக்காக அதைத் தருகிறார்கள். போதாக்குறைக்கு, திரும்பி வரும் அந்த 12 ஆயிரமும் இன்னொரு ஏமாந்தவரின் பணமாக இருக்கும். அவர் புகார் கொடுத்தால் முடங்குவது உங்கள் கணக்கு.

பணம் எடுக்கப் போகும்போது நடப்பது

இந்தக் கட்டத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். மோசடியில் ஏற்கெனவே பாதி சிக்கியவர் மீதியையும் இழப்பது இங்கேதான். திரையில் 18 லட்சம் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். விட்ரா கொடுத்ததும் "பெண்டிங்" என்று நிற்கும். மறுநாள் செய்தி வரும்:

"அன்புள்ள வாடிக்கையாளரே, உங்கள் லாபத்துக்கு 30 சதவீத வரி 4.2 லட்சம் செலுத்தினால் 24 மணி நேரத்தில் முழுத் தொகையும் வரவு வைக்கப்படும்."

கட்டினால், "உங்கள் வங்கிக் கணக்கு எண்ணில் ஓர் இலக்கம் தவறு, கணக்கு முடங்கிவிட்டது, திறக்க 10 சதவீதம் டெபாசிட்." அதையும் கட்டினால் கருப்புப் பணச் சோதனை, அதற்கப்புறம் விஐபி சேனல். கேள்வி கேட்டால் "48 மணி நேரத்துக்குள் கட்டாவிட்டால் அமலாக்கத் துறைக்குத் தகவல் போகும்" என்ற மிரட்டல், கூடவே முத்திரை போட்ட ஒரு போலிக் கடிதம்.

வருமான வரியை நீங்கள் வருமான வரித் துறைக்குச் சலான் வழியாகக் கட்டுவீர்கள். எந்த புரோக்கரும் தனி ஆள் கணக்கில் வரியை வசூலிப்பதில்லை. நியாயமான கட்டணம் என்றால் இருக்கும் இருப்பிலிருந்து கழித்துக்கொள்வார்கள். "18 லட்சத்தில் கழித்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுங்கள்" என்று ஒரே ஒரு முறை எழுதிக் கேளுங்கள். முடியாது என்று பதில் வந்தால் அந்த 18 லட்சம் வெறும் எழுத்து.

இந்தக் கட்டத்தில் வீட்டில் யாராவது நகையை எடுத்துக்கொண்டு கூட்டுறவு சங்கத்துக்கோ அடகுக் கடைக்கோ கிளம்பினால், மகளிர் குழுவில் திடீரென்று கடன் கேட்டால், என்ன ஏது என்று கோபப்படாமல் உட்காரவைத்துக் கேளுங்கள். திட்டுக்குப் பயந்துதான் பலர் மறைத்து மறைத்துக் கட்டுகிறார்கள். போன பணம் போனதாக இருக்கட்டும், இன்னொரு ரூபாய் போகக்கூடாது.

பணம் போனது தெரிந்த அந்த மணி நேரம்

உடனே 1930-க்குப் போன் போடுங்கள். இது நாடு முழுவதற்குமான சைபர் நிதி மோசடி உதவி எண். உங்கள் புகாரைப் பதிந்ததும் பணம் போன வங்கிக்கும், அங்கிருந்து அடுத்த வங்கிக்கும் தகவல் ஓடும். பணம் எந்தக் கணக்கில் இன்னும் நிற்கிறதோ அங்கே அந்தத் தொகைக்கு லியன் (யாரும் எடுக்க முடியாதபடி தடை) போட்டு நிறுத்துவார்கள். ஏடிஎம்மில் எடுத்துவிட்டாலோ கிரிப்டோவாக மாற்றிவிட்டாலோ நிறுத்த அங்கே ஒன்றும் இருக்காது. நிமிடங்கள் முக்கியம் என்பது இதனால்தான். சனி, ஞாயிறு, பண்டிகை, நள்ளிரவு என்று பார்க்க வேண்டாம். திங்கட்கிழமை பேங்க் திறக்கட்டும் என்று இருந்துவிடாதீர்கள்.

பேசும் முன் ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டியவை: உங்கள் வங்கி, கணக்கு எண், பணம் போன தேதி, நேரம், தொகை, யுடிஆர் எண் (ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் உள்ள அடையாள எண்), பெற்றவரின் கணக்கு எண் அல்லது யுபிஐ முகவரி. யுபிஐ, ஐஎம்பிஎஸ் என்றால் யுடிஆர் 12 இலக்கம். ஆர்டிஜிஎஸ் என்றால் 22 எழுத்தும் எண்ணும் கலந்து வரும். பத்து முறை கட்டியிருந்தால் பத்தையும் சொல்ல வேண்டும், கடைசியாகக் கட்டியதை முதலில் சொல்லுங்கள். நின்று கிடைக்க அதிக வாய்ப்பு அதற்குத்தான். பின் நம்பர், ஓடிபி எதையும் 1930-ல் கேட்க மாட்டார்கள். கேட்டால் அது வேறு ஆள்.

ஓசூர், தளி, பாகலூர் பக்கத்தில் இருப்பவர்கள் எடுத்த எடுப்பிலேயே "தமிழ்நாடு, கிருஷ்ணகிரி மாவட்டம்" என்று சொல்லிவிடுங்கள். வேலை பெங்களூரில், வங்கிக் கிளை அத்திப்பள்ளியில், வீடு ஓசூரில் என்று இருப்பவர்களின் புகார் இரண்டு மாநிலத்துக்கு நடுவே அலையக் கூடாது.

லைன் கிடைக்கவில்லையென்றால் சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் நேராகப் பதியுங்கள். போனில் சொல்லியிருந்தாலும் இந்தத் தளத்தில் முழு விவரத்தையும் 24 மணி நேரத்துக்குள் ஏற்றிவிடுவது நல்லது. ஒப்புகை எண் வரும். இனிமேல் எங்கே போனாலும் அந்த எண்தான் கேட்பார்கள். கூடவே உங்கள் வங்கியின் மோசடிப் புகார் எண்ணிலும் சொல்லி, கிளைக்கு எழுத்தில் கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். கிரெடிட் அல்லது டெபிட் கார்டில் கட்டியிருந்தால் "டிஸ்பியூட்" பதியச் சொல்லுங்கள், கார்டு பணம் திரும்ப அது தனி வழி. ஆனால் நீங்களே பின் போட்டு அனுப்பிய யுபிஐ பணத்துக்கு வங்கி பொறுப்பேற்காது என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். அதனால் லியன்தான் முதல் நம்பிக்கை.

யுஎஸ்டிடி (டாலர் மதிப்பை ஒட்டிய கிரிப்டோ நாணயம்) வாங்கிக் கட்டியவர்கள் இரண்டு தடங்களையும் கொடுக்க வேண்டும். யுஎஸ்டிடி விற்றவருக்கு ரூபாய் போன யுடிஆர் ஒன்று. நாணயம் போன வாலட் முகவரியும் 64 எழுத்து கொண்ட பரிவர்த்தனைக் குறியீடும் இன்னொன்று. டிரான் என்ற கிரிப்டோ வலைப்பின்னலின் முகவரி ஆங்கில "டி" எழுத்தில் தொடங்கும், 34 எழுத்து இருக்கும். ஓர் எழுத்து தவறினாலும் தடம் அறுந்துவிடும் என்பதால் கையால் எழுதாமல் காப்பி செய்து ஒட்டுங்கள்.

சாட்சியம்

கோபத்தில் ஆப்பை அழிப்பதும், குரூப்பிலிருந்து வெளியேறுவதும், போனை ரீசெட் செய்வதும் வேண்டாம். வாட்ஸ்அப்பில் "எக்ஸ்போர்ட் சாட்" கொடுத்து மீடியாவோடு உங்கள் மின்னஞ்சலுக்கு அனுப்பி வையுங்கள். டெலிகிராமில் எதிராளி இரண்டு பக்கச் செய்தியையும் அழித்துவிட முடியும் என்பதால் அதை முதலில் எடுங்கள். ஆளின் பெயர் மாறும், அதனால் யூசர் ஐடியும் தெரியும்படி படம் பிடியுங்கள். ஆப்பில் நுழைந்து இருப்பு, டெபாசிட் வரலாறு, விட்ரா மறுத்த செய்தி மூன்றையும் ஸ்கிரீன் ரெக்கார்டிங்காக ஒரே ஓட்டத்தில் எடுத்தால் நல்லது. வங்கி ஸ்டேட்மெண்டை பிடிஎஃப் ஆகவும், கிளையில் சீல் வைத்த தாளாகவும் வாங்குங்கள். எல்லாம் முடிந்த பிறகு, ஏபிகே இறக்கிய போனில் வங்கி ஆப்பைத் திறக்காமல் வேறு போனிலிருந்து கடவுச்சொல்லை மாற்றுங்கள்.

காவல் நிலையம், மனு

தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் தனித்தனி மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையங்கள் இருக்கின்றன. பென்னாகரம், அரூர், தேன்கனிக்கோட்டை என்று தொலைவில் இருப்பவர்கள் உள்ளூர்க் காவல் நிலையத்திலும் மனு கொடுக்கலாம். எந்த நிலையத்திலும் ஜீரோ எஃப்ஐஆர் (நிலைய எல்லை பார்க்காமல் பதியும் முதல் தகவல் அறிக்கை) பதிய, குற்ற நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதா 173-ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. முதலில் சிஎஸ்ஆர் ரசீது (மனு பெற்றதற்கான சான்று) தருவார்கள், எஃப்ஐஆர் ஆனால் அதன் நகல் இலவசம். பதிய மறுத்தால் அதே பிரிவின்படி எஸ்பி-க்குப் பதிவுத் தபாலில் மனுவை அனுப்பலாம். அதற்கும் வழி பிறக்காவிட்டால் நீதித்துறை நடுவரிடம் போகலாம்.

மனு நீளமாக இருக்க வேண்டியதில்லை. இந்த மாதிரி எழுதினால் போதும்:

"ஐயா, நான் மேற்கண்ட முகவரியில் வசிக்கிறேன். ____ தேதியில் ____ எண்ணிலிருந்து வாட்ஸ்அப் வழியாகத் தொடர்புகொண்ட நபர், ____ என்ற ஆப்பில் அந்நியச் செலாவணி வர்த்தகம் செய்தால் மாதம் ____ சதவீதம் லாபம் கிடைக்கும் என்று நம்பவைத்தார். அதை நம்பி ____ முதல் ____ வரை ____ தவணைகளில் மொத்தம் ரூ. ____ செலுத்தினேன். விவரம் இணைப்பு 1-ல். ____ தேதியில் பணத்தைத் திரும்பக் கேட்டபோது வரி என்ற பெயரில் மேலும் ரூ. ____ கேட்டனர். 1930 ஒப்புகை எண் ____. பாரதிய நியாய சன்ஹிதா 318(4), 319(2), தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி பிரிவுகளின் கீழ் நடவடிக்கை எடுத்து, இணைப்பில் கண்ட கணக்குகளை முடக்கி, பணத்தை மீட்டுத் தர வேண்டுகிறேன்."

இணைப்பு 1-ஐ அட்டவணையாகப் போடுங்கள்: தேதி, தொகை, யுடிஆர், அனுப்பிய கணக்கு, பெற்ற கணக்கு. விசாரணை அதிகாரி முதலில் புரட்டுவது அதைத்தான்.

ஃபெமா வழக்கு நம்மீதே பாயுமோ என்ற பயத்தில் பலர் வாயைத் திறப்பதில்லை. இரண்டாம் வகை மோசடியில் உங்கள் பணம் எந்த அந்நியச் செலாவணிச் சந்தைக்கும் போகவே இல்லை, உள்ளூர் வங்கிக் கணக்குக்குத்தான் போயிருக்கிறது. நீங்கள் ஏமாற்றப்பட்டவர். நிஜ வெளிநாட்டு புரோக்கரிடம் வருடக்கணக்கில் டிரேடு செய்தவர்கள் மட்டும் மனு கொடுக்கும் முன் ஒரு வழக்கறிஞரைப் பார்த்துவிடுவது நல்லது. வசதி இல்லாதவர்களும், வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களும், பட்டியல் சாதி, பழங்குடி மக்களும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச சட்ட உதவி பெறலாம். எண் 15100.

முடங்கிய தொகை தானாக உங்கள் கணக்குக்கு வந்துவிடாது. எந்தக் கணக்கில் எவ்வளவு நிற்கிறது என்று காவல் நிலையத்தில் கேட்டறிந்து, நீதிமன்றத்தில் அதே சுரக்ஷா சன்ஹிதாவின் 503-ஆம் பிரிவின் கீழ் மனுப் போட்டுப் பெரும்பாலும் உத்தரவு வாங்க வேண்டியிருக்கும். பலர் லியன் போட்டாயிற்று என்ற செய்தியோடு நின்றுவிடுகிறார்கள். பணம் மாதக்கணக்கில் அங்கேயே கிடக்கிறது.

உள்ளூர் ஏஜெண்டிடம் ரொக்கமாகக் கொடுத்திருந்தால்

"நீங்க டிரேடு பண்ண வேண்டாம், பணத்தைக் கொடுங்க, மாசா மாசம் தர்றோம்" என்று வாங்கியிருந்தால் அது டெபாசிட். தமிழ்நாடு முதலீட்டாளர்கள் பாதுகாப்புச் சட்டம் 1997, ஒழுங்குபடுத்தப்படாத வைப்புத் திட்டங்கள் தடைச் சட்டம் 2019 இரண்டும் பொருந்தும். இதை விசாரிப்பது பொருளாதாரக் குற்றப் பிரிவு. ஏஜெண்டின் சொத்தை முடக்கி, சிறப்பு நீதிமன்றம் வழியாக ஏலம் விட்டுப் பங்கிட இந்தச் சட்டங்களில் வழி உண்டு. அதனால் ஒரே ஆளிடம் கொடுத்த பத்துப் பேரும் தனித்தனி ரசீதோடு சேர்ந்து போனால் வழக்கு நிற்கும். ரசீது இல்லையென்றால் புரோநோட்டு, பின்தேதியிட்ட செக், கூட்டத்து வீடியோ, வாட்ஸ்அப் குரல் பதிவு எதுவும் உதவும். "அடுத்த மாசம் தர்றேன், ஸ்டேஷனுக்குப் போனா ஒரு பைசா வராது" என்ற பேச்சுக்குக் காத்திருந்தால் அதற்குள் சொத்து வேறு பெயருக்கு மாறியிருக்கும்.

நீங்களே ஆள் சேர்த்து கமிஷன் வாங்கியிருந்தால் இன்றைக்கே நிறுத்துங்கள். வாங்கிய கமிஷன் கணக்கை எழுதி வைத்து, வழக்கறிஞரோடு போய் முதல் ஆளாகப் புகார் கொடுப்பதுதான் உங்களுக்கும் உங்களை நம்பிப் போட்டவர்களுக்கும் நல்லது.

உங்கள் கணக்கே முடங்கினால்

வங்கியில் எழுத்தில் கேளுங்கள்: எந்த ஒப்புகை எண், எந்த மாநிலம், எந்தக் காவல் நிலையம், எவ்வளவு தொகை. அந்த விசாரணை அதிகாரிக்கு மின்னஞ்சலில் உங்கள் ஆவணங்களை அனுப்பி, சர்ச்சைக்குரிய தொகையை மட்டும் நிறுத்தி மீதியை விடுவிக்கக் கோருங்கள். வங்கி 30 நாளில் பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கல்லூரிப் பிள்ளைகளிடம் பாஸ்புக்கும் சிம்மும் வாங்கிக்கொண்டு 5 ஆயிரம் தருகிறேன் என்பவர்கள் சுற்றுகிறார்கள். அந்தக் கணக்கில் மோசடிப் பணம் விழுந்தால் முதலில் போலீஸ் தேடி வருவது அந்தப் பிள்ளையைத்தான்.

அடுத்து வரும் ஆட்கள்

பணம் இழந்தவர்களின் எண்கள் கைமாறும். சில வாரங்களில் "உங்கள் பணத்தை மீட்டுவிட்டோம், 8 ஆயிரம் ஃபீஸ்" என்று ஒருவர், சைபர் போலீஸ் என்று வீடியோ காலில் சீருடையோடு இன்னொருவர், ஹேக்கர் என்று மூன்றாமவர் வருவார்கள். காவல் துறைக்கும் நீதிமன்றத்துக்கும் மீட்புக் கட்டணம் என்று ஒன்று கிடையாது. வரும் எண்களை மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தின் சக்ஷு பகுதியில் பதிந்துவிடுங்கள்.

மனம் ஒடிந்து போயிருக்கும் ஆளைத் தனியாக விடாதீர்கள். 104, 14416 இரண்டு எண்களிலும் மனநல ஆலோசனை இலவசம்.

ஆப்பில் ஆதார், பான், செல்ஃபி கொடுத்திருப்பீர்கள். ஆதார் பயோமெட்ரிக்கைப் பூட்டுங்கள். உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று அதே சஞ்சார் சாத்தியில் பாருங்கள், தெரியாத எண் இருந்தால் அங்கேயே நிறுத்தச் சொல்லலாம். சிபில் அறிக்கை (உங்கள் கடன் வரலாறு) வருடத்துக்கு ஒரு முறை இலவசம். இப்போது ஒன்று எடுத்து, நீங்கள் வாங்காத கடன் ஏதாவது உங்கள் பானில் ஏறியிருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அந்தக் கடன் எண்ணையும் 1930 புகாரோடு சேர்த்துக் கொடுங்கள்.